பெர்சிஸ் அண்ணன் தம்பியை அடுக்கிய கதை

பாளையங்கோட்டையில் மூன்று மாடியுள்ள ஒரு நூலகத்தில் பெர்சிஸுக்கு வேலை. புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை அல்ல. எந்தப் புத்தகம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. கீழ்த்தளத்தில் கழிப்பறைக்குப் போகும் வழியில் அவருடைய அறை இருந்தது. வாசகர்களில் அநேகம் பேர் அவரிடம் கழிப்பறைக்கு வழி மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

அவர் பிறந்த தெருவில் வீட்டுக்கு இரண்டு ஆசிரியர்கள். அம்மா சாரம்மாளும் ஆசிரியைதான். பெர்சிஸுக்கு பி.எட். இடம் கிடைக்கவில்லை, நூலக அறிவியல் கிடைத்தது. படித்தார், தேர்வு எழுதினார், அரசு வேலையும் வந்தது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாராவது விசாரித்தால் சாரம்மாள், "அவளுக்கு இன்னும் ஸ்கூல் கிடைக்கல" என்றுதான் பதில் சொல்வார். மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் கல்லூரிக்குப் போன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்து, சொன்னபடியே இறந்தும் போனார்.

பெர்சிஸுக்குத் தன் வேலையில் குறை இருந்ததில்லை. உலகத்தில் உள்ள விஷயங்களையெல்லாம் பத்துப் பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரித்து, அதற்கும் அடங்காததைப் புள்ளி வைத்து மேலும் நீட்டிக்கொண்டு போகும் முறை ஒன்று உண்டு. பெரிய நூலகங்களில் அநேகமாக அதுதான். அறுநூறில் தொழில்கள், அதற்குள் அறுநூற்று முப்பதில் விவசாயம், இன்னும் உள்ளே போனால் பழமரங்கள், அதற்கும் உள்ளே வாழை. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டில் அந்த எண்ணும், கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளும் இருக்கும். கணினியில் ஒரு புத்தகத்துக்கு ஐந்து விஷயங்களைக்கூடக் காட்டலாம். அலமாரியில் அப்படி முடியாது. புத்தகம் ஓரிடத்தில்தான் நிற்கும். தப்பான இடத்தில் நின்றால் அது தொலைந்ததற்குச் சமம், ஏனென்றால் அதைத் தேடுகிறவர் அங்கே வரமாட்டார்.

கோயில் யானையைப் பற்றிய புத்தகம் சமயமா, விலங்கா? மருத்துவர் ஒருவர் எழுதிய சமையல் குறிப்பு மருத்துவமா, சமையலா? இப்படிப்பட்டதையெல்லாம் பெர்சிஸ் தலைப்புப் பக்கத்தையும் பொருளடக்கத்தையும் முன்னுரையையும் பார்த்து முடிவு செய்துவிடுவார். முடிவு செய்ததை மாற்ற மாட்டார். எடுத்த முடிவை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் ஒருவர் வீட்டில் மிளகாய்ப்பொடி டப்பாவை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் இருப்பது எப்படி என்று அவர் கணவர் ரிச்சர்ட் கேட்பதுண்டு. ரிச்சர்ட் கணக்கு ஆசிரியர்.

மந்திரமூர்த்தி களக்காட்டு வாழை விவசாயி. எழுபதை நெருங்கிய வயதில் அவர் ஒரு புத்தகம் எழுதி, ஜங்ஷன் பக்கத்து அச்சகமொன்றில் சொந்தச் செலவில் அச்சடித்தார். 'என் வாழையும் என் வழக்கும்' என்று பெயர். அதில் இரண்டு பிரதிகளை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று அங்கேயே இருந்து படிக்க, இன்னொன்று வீட்டுக்கு எடுத்துப்போக என்று நூலகத்தார் வைத்துக்கொண்டார்கள். பெர்சிஸ் பொருளடக்கத்தைப் பார்த்தார். கன்று தேர்ந்தெடுத்தல், குழி எடுத்தல், நீர் பாய்ச்சுதல், காற்றுக்கு முட்டுக் கொடுத்தல், காட்டுப்பன்றி, அதன் பிறகு வழக்கு. 634.772 என்று எழுதினார். வாழைக்குரிய எண் அது. புத்தகங்கள் இரண்டாம் மாடிக்குப் போயின.

கொஞ்ச நாள் கழித்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த மந்திரமூர்த்தி, சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். நேரே முதல் மாடியில் வாழ்க்கை வரலாறு இருக்கும் பக்கம் போனார். தலைவர்கள், விஞ்ஞானிகள், மிஷனரிமார் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அவர் மட்டும் இல்லை. ஊழியர் ஒருவர் கணினியில் பார்த்து அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போனார். வாழையில் நூற்புழுவைக் கட்டுப்படுத்துவது பற்றிய ஒரு கையேட்டுக்கும் அன்னாசி பற்றிய ஒரு தடித்த புத்தகத்துக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். சொந்தக்காரர்களில் ஒருவர் அன்னாசி நம்ம பக்கம் வருமா என்று கேட்டார்.

அவர்களை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு மந்திரமூர்த்தி பெர்சிஸின் அறைக்கு வந்தார். பெர்சிஸ் வழக்கம்போல், "இடது பக்கம் ரெண்டாவது கதவு" என்றார்.

"அதுக்கு வரல அம்மா. என் புஸ்தகத்த உரத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கிய."

"உரம் அடுத்த ராக்குல இருக்கு அண்ணாச்சி. உங்களது வாழையில இருக்கு."

"நான் வாழையப் பத்தி எழுதல. என்னப் பத்தி எழுதியிருக்கேன்."

பெர்சிஸ் பொருளடக்கத்தைத் திறந்து காட்டினார். மந்திரமூர்த்தி அதை வாங்கி உள்ளே ஒரு பக்கத்தைப் புரட்டினார். கன்று தேர்ந்தெடுத்தல் என்ற அத்தியாயம் அது. தாய்மரத்தை ஒட்டி வளரும் பக்கக்கன்றுகளில் எதை விட வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று தொடங்கி, தன் தம்பி சுடலைராஜ் நல்ல கன்றையெல்லாம் தன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்ட வருஷத்தில் முடிந்தது. நீர் பாய்ச்சுதலில் சுடலைராஜ் மடையைத் திறந்துவிட்டான். குழி எடுத்தலில் வரப்பைத் தள்ளி வைத்தான். காட்டுப்பன்றி அத்தியாயத்தில்கூட, பன்றி எந்தப் பக்கத்து வேலி வழியாக வந்தது என்ற ஒரு விவகாரம் இருந்தது.

படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று பெர்சிஸ் சொல்லி அனுப்பினார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீடு. இடையில் ஒரு சுவர். பச்சையாற்றுக் கால்வாயில் வரும் தண்ணீர் முதலில் யார் வயலுக்கு என்பதில் தொடங்கிய வழக்கு சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சு நின்று பல வருஷம். தாயார் இறந்தபோது ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். வாழையை விட்டு வழக்கை எடுக்க முடியவில்லை. வழக்கை விட்டு வாழையை எடுக்கவும் முடியவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பெர்சிஸுக்கு ஒரு புத்தகத்தின் இடம் சந்தேகமாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முடிவு வந்தது. வழக்கை எடுத்துவிட்டால் வாழை மிஞ்சும். வாழையை எடுத்துவிட்டால் சண்டை போட ஒன்றுமே இருக்காது. ஆகவே வாழைதான். மந்திரமூர்த்தியிடம் போனில் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டு, நூலகத்தின் தலைவருக்கு ஒரு மனு அனுப்பினார்.

தலைவர் பெயர் அனஸ். வயதில் பெர்சிஸைவிட ரொம்பச் சின்னவர், சண்டை வருகிற இடத்தில் நிற்க விரும்பாதவர். மனுவை அவர் படித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் சுடலைராஜும் வந்து சேர்ந்தார்.

கல்யாண வீட்டிலிருந்து செய்தி அவருக்குப் போயிருந்தது. போகிற வழியில் அது கொஞ்சம் வளர்ந்திருந்தது. அண்ணன் எழுதியதை அரசாங்கம் வரலாறு என்று ஏற்றுக்கொண்டு நூலகத்தில் வைத்துவிட்டது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அண்ணனைவிட இரண்டு வயது இளையவர், அதே உயரம், அதே மூக்கு. பெர்சிஸ் அவரை மந்திரமூர்த்தி என்றே நினைத்து, மனு தலைவரிடம் இருப்பதாகச் சொன்னார். சுடலைராஜ் முகம் சுளித்துக்கொண்டு தான் யாரென்று சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அதக் கதைன்னு போடுங்க. கத பொஸ்தகம் இருக்குத இடத்துல கொண்டு வைங்க."

"அது வரலாறுல இல்ல அண்ணாச்சி. வாழையிலதான் இருக்கு."

"வாழையிலயும் வேண்டாம். அதுல இருக்குதது பூராப் பொய்."

புத்தகம் சொல்வது நிஜமா பொய்யா என்று பார்த்து நூலகம் இடம் கொடுப்பதில்லை என்றும், எதைப் பற்றிச் சொல்கிறது என்றுதான் பார்க்கும் என்றும் பெர்சிஸ் விளக்கினார். பொய்யையும் நிஜத்தையும் ஒரே ராக்கில் வைப்பீர்களா என்று சுடலைராஜ் கேட்டார். இரண்டும் வாழையைப் பற்றியதாக இருந்தால் வைப்போம் என்றார் பெர்சிஸ்.

அனஸ் பெர்சிஸைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கொஞ்ச நாளைக்குக் கதைப் பிரிவில் போடலாம், தம்பி அடங்கியதும் வாழ்க்கை வரலாற்றுக்கு மாற்றலாம், அண்ணனும் அடங்கிவிடுவார் என்பது அவர் யோசனை.

"அப்போ வாழையத் தேடி வாறவங்களுக்குக் கிடைக்காதே சார்" என்றார் பெர்சிஸ்.

"இதுவரைக்கும் யாராவது தேடி வந்திருக்காங்களா மேடம்?"

"யாரும் வரல."

அனஸ் மனுவை மடித்து மேசைக்குள் வைத்தார். பெர்சிஸ் தன் அறைக்குத் திரும்பி, காத்திருந்த சுடலைராஜிடம் புத்தகத்தைப் படித்தாரா என்று கேட்டார். படிக்கவில்லை. அண்ணனிடம் போய் வாங்குவதற்கு அவருக்கு மனசில்லை. அச்சகத்தில் வாங்கினால் அந்தக் காசும் அண்ணனுக்கே போய்ச் சேரும் என்பதால் அங்கேயும் போகவில்லை. பெர்சிஸ் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து வரச்சொல்லி, வாசிப்பறையில் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

சுடலைராஜ் களக்காட்டிலிருந்து பல நாள் பஸ்ஸேறி வந்து படித்தார். மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்து மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போவார். சில பக்கங்களில் தொண்டையைக் கனைத்தார். முட்டுக் கொடுத்தல் அத்தியாயத்தில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். ஆடிக்காற்றில் ஊரே சாய்ந்தபோது தம்பி முட்டுக் கொடுத்த தோட்டத்தில் மட்டும் ஒரு குலையும் விழவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அடுத்த வரியிலேயே அந்தக் கம்புகள் தன் தோப்பிலிருந்து வெட்டியவை என்று மந்திரமூர்த்தி எழுதியிருந்தார்.

படித்து முடித்த அன்று சுடலைராஜ் பெர்சிஸிடம் வந்தார்.

"பொய்தான். ஆனா கத இல்ல. கத எழுதுத அளவுக்கெல்லாம் அவனுக்கு வராது."

"அப்போ வாழையிலயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்." போகிறவர் வாசலில் நின்று, புத்தகம் எழுத என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் படித்திருக்க வேண்டாம் என்றார் பெர்சிஸ்.

அடுத்த வருஷம் சுடலைராஜின் புத்தகம் வந்தது. 'மடையைத் திறந்தது யார்?' என்று பெயர். அவரும் இரண்டு பிரதி கொடுத்தார். அண்ணனுக்கு அத்தியாயம் அத்தியாயமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் அதுவும் கன்று தேர்ந்தெடுத்தலில் தொடங்கிக் குழி, நீர், முட்டு என்று அதே வழியில் போயிற்று. பெர்சிஸ் இந்தத் தடவை முதலிலேயே முழுவதும் படித்துவிட்டார். எண் மாறவில்லை.

தன்னை எங்கே வைத்திருக்கிறது என்று சுடலைராஜ் கேட்டார். அண்ணனுக்குப் பக்கத்தில் என்றார் பெர்சிஸ். வேண்டாம் என்றார் சுடலைராஜ். ஒரே விஷயம், ஒரே எண், அடுத்துப் பார்ப்பது பெயரைத்தான், சு முதலில் வரும், ம அதற்குப் பின்னால் என்று பெர்சிஸ் சீட்டுகளை மேசையில் வைத்துக் காட்டினார்.

"அப்போ எனக்குப் பொறவுதான் அவனா?"

"அகர வரிசைப்படி அப்படித்தான்."

சுடலைராஜ் வேறு ஆட்சேபம் சொல்லாமல் போய்விட்டார்.

ஆட்சேபம் மறுவாரம் அண்ணனிடமிருந்து வந்தது. தம்பி எழுதலாம், அது அவன் இஷ்டம். தம்பி முன்னால் நிற்க, அண்ணன் பின்னால் நிற்பது என்ன நியாயம் என்றார் மந்திரமூர்த்தி.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா அம்மா?"

"இதுவும் முறைதான் அண்ணாச்சி."

மந்திரமூர்த்தி யோசித்தார். பிறகு மாடிக்குப் போய், தம்பியின் புத்தகத்தைத் தன் உறுப்பினர் அட்டையில் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது அங்கே இல்லையென்றால் அவர்தான் முதல். ஒரு வாரத்துக்குள் இது எப்படியோ சுடலைராஜுக்குத் தெரிந்து, அவர் வந்து அண்ணனின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அங்கேயே இருந்து படிக்க வேண்டிய பிரதிகள் இரண்டும் பைண்டிங்குக்குப் போயிருந்த சமயம் அது. இரண்டாம் மாடியில் நூற்புழுவும் அன்னாசியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அப்போதுதான் சித்ரலேகா வந்தாள். வேளாண்மை படிக்கிற மாணவி. களக்காட்டுப் பக்கத்து வாழை சாகுபடியில் விவசாயிகளே கைக்கொள்ளும் முறைகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கணினியில் இரண்டு புத்தகமும் காட்டியது. அலமாரியில் இரண்டும் இல்லை. அவள் விசாரித்து விசாரித்துப் பெர்சிஸின் அறைக்கு வந்து சேர்ந்தாள். வாழையைத் தேடி ஒருவர் வந்துவிட்டார் என்பதில் பெர்சிஸுக்கு ஏற்பட்ட சந்தோஷம், வந்தவருக்குக் கொடுக்க வாழை இல்லை என்ற கோபத்தில் அடங்கிப்போனது.

நினைவூட்டல் அட்டைகள் போயின. பதில் இல்லை. போனில் இருவரும் நாளைக்கு என்றார்கள். பெர்சிஸ் ஒரு சனிக்கிழமை பகலில் தானே களக்காட்டுக்குப் பஸ்ஸேறினார். ஆள் அனுப்புகிறேன் என்று அனஸ் சொன்னதற்கு, இது எடுத்து வருகிற வேலை இல்லை சார் என்று மட்டும் சொன்னார். வேறு என்ன வேலை என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மந்திரமூர்த்தியின் மனைவி பிரேமலதா நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். அவரைக் காணோமே என்று கேட்டதற்குப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"சாயந்திரம் ஆனா அங்கன போயிருவாவ. செவுத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்தனாரும் வந்து உக்காந்துக்கிடுவாவ."

"பேசிக்கிடுதாங்களா?"

"பேச்சு ஏது? பக்கத்த வாசிக்கதுதான்."

பெர்சிஸ் பின்வாசலுக்குப் போய் நின்றார். மந்திரமூர்த்தி சுவரைப் பார்த்தபடி ஒரு கல்லில் உட்கார்ந்து, தம்பியின் புத்தகத்திலிருந்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தது வைகாசியில் என்று தம்பி எழுதியிருந்தார். மந்திரமூர்த்தி வாசிப்பதை நிறுத்தி, "ஐப்பசி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுடலைராஜின் குரல், அண்ணனின் புத்தகத்தில் அண்ணனே ஐப்பசி என்று ஓரிடத்திலும் கார்த்திகை என்று இன்னோரிடத்திலும் எழுதியிருப்பதைப் பக்க எண்ணோடு சொன்னது. மந்திரமூர்த்தி பென்சிலால் ஏதோ குறித்தார். பிறகு சிவப்புக் கன்றுக்குட்டி ஒன்று வெள்ளத்தில் போனதா, அதற்கு முன்பே விற்கப்பட்டதா என்று ஒரு தகராறு நடந்தது. அது அம்மாவுடைய கன்றுக்குட்டி. அதன் பெயர் என்ன என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

பெர்சிஸ் புத்தகங்களைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தவர். பிடுங்கினால் நாளைக்குச் சாயந்திரம் இவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிடுங்காவிட்டால் சித்ரலேகா சும்மா உட்கார்ந்திருப்பாள். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தபோது கூடத்து மூலையில் 'என் வாழையும் என் வழக்கும்' கட்டுக்கட்டாகக் கிடந்தது. விற்காத பிரதிகள். பக்கத்து வீட்டிலும் இதுபோல இருக்குமா என்று பிரேமலதாவிடம் கேட்டார். அங்கே பரண் நிறைய இருக்கிறது என்றார் பிரேமலதா.

மந்திரமூர்த்தியிடம் தம்பிக்கு ஒரு பிரதி கொடுப்பீர்களா என்று பெர்சிஸ் கேட்டார். என் கையால கொடுக்க மாட்டேன் என்றார். அந்தப் பக்கம் போய்ச் சுடலைராஜிடம் கேட்டபோதும் அதே வார்த்தைதான் வந்தது. யார் கையால் என்றுதான் இருவரும் பேசினார்களே தவிர, கொடுக்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பெர்சிஸ் அந்தக் கட்டுகளிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கொடுத்தார். அங்கே பரணிலிருந்து இறக்கிய ஒன்றை வாங்கிக்கொண்டு இங்கே வந்து கொடுத்தார். இரண்டும் புதுப் புத்தகங்கள், முதுகில் சீட்டு இல்லாதவை. நூலகத்துப் பிரதிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவற்றின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. மந்திரமூர்த்தி தன் பென்சில் குறிப்புகளைப் புதுப் பிரதியில் எழுதிக்கொள்ளும்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டார். கடைசி பஸ் போய்விடும் என்று பெர்சிஸ் மறுத்துவிட்டார். ஆளுக்கொரு சீப்பு ஏத்தன் வாழைப்பழம் கொடுத்தார்கள். பஸ்ஸில் எது யாருடையது என்று அவருக்கு மறந்துபோய்விட்டது.

பென்சிலை அழித்துவிட்டு வைக்க வேண்டும் என்பது விதி. அனஸும் அதைத்தான் சொன்னார். சித்ரலேகா இரண்டையும் எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வந்து, ஓரத்தில் எழுதியிருப்பதை மட்டும் அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அச்சடித்த பகுதியில் அவரவர் தன் பக்கத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள், ஓரத்தில்தான் மண்ணும் தண்ணீரும் கம்பும் பற்றி ஒருவரையொருவர் திருத்தியிருக்கிறார்கள் என்றாள். பெர்சிஸ் அழிரப்பரை மேசைக்குள் வைத்துவிட்டு, பிறகு அழிக்கலாம் என்று அனஸிடம் சொன்னார். இன்னும் அழிக்கவில்லை.

ஆய்வு முடிகிற சமயத்தில் சித்ரலேகாவின் கல்லூரியில் விவசாயிகளை வைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். இரண்டு பேரையும் அழைத்திருந்தாள். இரண்டு பேரும் வருவார்களா என்று சந்தேகப்பட்டுப் பெர்சிஸையும் வரச் சொல்லியிருந்தாள். இருவரும் வந்தார்கள். மேடையில் பெர்சிஸுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மந்திரமூர்த்தி கன்று பற்றியும் குழி பற்றியும் நன்றாகவே பேசினார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒரு மாணவன் எழுந்து, காற்றுக் காலத்தில் முட்டுக் கொடுப்பது எப்படி என்று கேட்டான்.

மந்திரமூர்த்தி மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அத இவன்ட்ட கேளுங்க. எனக்கு அவ்வளவு வராது."

மைக்கைப் பெர்சிஸிடம் நீட்டினார். பெர்சிஸ் அதை வாங்கி அடுத்த பக்கம் கொடுத்தார். சுடலைராஜ் மைக்கைத் தட்டிப் பார்த்தார், கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு எழுந்து, சாய்மானம் எந்தப் பக்கம், கவட்டைக் கம்பு எந்த மரத்தில் வெட்ட வேண்டும், கயிறு எங்கே கட்டக்கூடாது என்று சொல்லத் தொடங்கினார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். மந்திரமூர்த்தி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும், கம்பு எந்தத் தோப்பில் வெட்டியது என்பதைப் பெர்சிஸின் காதில் சொன்னார். பெர்சிஸ் தலையாட்டினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாய்தா மாசிக்குப் பிறகு. கூட்டம் முடிந்து அண்ணனும் தம்பியும் களக்காட்டு பஸ்ஸில் ஏறினார்கள். ஒருவர் முன் இருக்கை, ஒருவர் பின் இருக்கை. பெர்சிஸ் எதிர்ப்பக்கம் நின்று தன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். மறுநாள் பார்க்க வேண்டியது மேசையில் நிறைய இருந்தது. பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எழுதிய கவிதைத் தொகுப்பு மேலாகக் கிடந்தது, எல்லாக் கவிதையும் லேத்தைப் பற்றி.